ஆப்பிள் பை: குழையும் பழமும் குழையாத பழமும்

கடையில் ரெட் டெலிஷியஸ், காலா, ஃபூஜி, கிரானி ஸ்மித் என்று நான்கு வகை இருக்கின்றன, ஆப்பிள் பை (மாவுக்குள் பழத்தை வைத்து மூடி ஓவனில் சுடும் பண்டம்) செய்ய இவற்றில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பின்பாதியில்தான் விஷயமே இருக்கிறது. போன முறை நல்ல இனிப்பான சிவப்பு ஆப்பிளாகப் பார்த்து வாங்கினீர்கள். வெந்து வந்ததும் உள்ளே கூழ், அடி மாவு ஊறி நைந்துவிட்டது, மேல் மூடிக்கும் பழத்துக்கும் நடுவில் ஒரு குகை. ஆக, கெடுத்தது ஆப்பிளா, நானா என்பதுதான் உங்கள் உண்மையான சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முக்கால் பங்கு ஆப்பிள், கால் பங்கு நீங்கள். அந்தக் கால் பங்கைக் கடைசியில் பார்ப்போம்.

இப்போதே கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறவர் என்றால் இவ்வளவு போதும்: கிரானி ஸ்மித் பாதிக்கு மேல், மீதிக்கு ஃபூஜி, ரெட் டெலிஷியஸ் வேண்டவே வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள நேரம் இருந்தால் மேலே படியுங்கள். ஏனென்றால் அடுத்த முறை இந்த நான்கும் இல்லாமல் வேறு நான்கு பெயர்கள் எதிரே நிற்கும். என்னைப் பற்றி ஒரு வரி: பேக்கிங் முறைப்படி படித்து, பதினைந்து ஆண்டுகளாக அதே வேலையில் இருக்கிறேன். பழத்தோட்டக்காரன் இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருந்தவனும் இல்லை. அதனால் வேதியியல் சொல்லும் இடத்தில் படித்ததைச் சொல்வேன், மற்ற இடங்களில் கை கண்டதைச் சொல்வேன். எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில், வாயில் கடித்துப் பார்த்து நன்றாக இருக்கும் ஆப்பிளுக்கும் ஓவனில் நன்றாக இருக்கும் ஆப்பிளுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. பச்சையாகத் தின்னும்போது நமக்கு வேண்டியது சாறும் இனிப்பும். ஒரு மணி நேரம் சூட்டில் கிடந்த பிறகு வேண்டியதோ வேறு: துண்டு துண்டாகத் தெரிய வேண்டும், ஆனால் முள்கரண்டி இறங்க வேண்டும், சர்க்கரையை எதிர்த்து நிற்கும் புளிப்பு வேண்டும், கையாளக்கூடிய அளவுக்கு மேல் தண்ணீர் விடக்கூடாது. உருளைக்கிழங்கில் இது எல்லோருக்கும் பழகிய விஷயம். சில கிழங்கு வெந்தால் உதிர்ந்து மாவாகும், மசிக்க நல்லது. சில கிழங்கு எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். ஆப்பிளிலும் அப்படியேதான். ஆனால் ஆப்பிளை நாம் பெரும்பாலும் பச்சையாகவே தின்பதால், குழைகிறதா நிற்கிறதா என்று யாரும் கவனிப்பதில்லை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஆப்பிளின் சதை கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செங்கல்லுக்கு நடுவே சாந்து பூசியதுபோல அவற்றை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் பெக்டின் கரைகிறது, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, பழம் மென்மையாகிறது. கொஞ்சம் கரைந்தால் பதம், நிறையக் கரைந்தால் கூழ். பெக்டின் எவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும் என்பது அதன் அமைப்பையும், செல்களின் அளவையும், பழம் பறித்து எவ்வளவு நாளாயிற்று என்பதையும் பொறுத்தது. அமிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழத்தில் புளிப்பு இருந்தால் பெக்டின் மெதுவாகக் கரையும். சமையல் சோடா போட்ட காய்கறி சட்டென்று குழைவதைப் பார்த்திருப்பீர்கள். அமிலம் குறைந்தால் நடப்பது அதுதான். பையில் எலுமிச்சைச் சாறு பிழிவது ருசிக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். துண்டுகள் கொஞ்சம் நின்று பிடிக்கவும் அது உதவுகிறது.

ஆப்பிளின் புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். 1785இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஆப்பிள் சாற்றிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார். லத்தீனில் ஆப்பிளுக்கு 'மாலும்' என்று பெயர், அதிலிருந்து வந்த சொல். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். நாக்கில் இரண்டும் வேறுவேறு: எலுமிச்சைப் புளிப்பு சட்டென்று ஏறி சட்டென்று இறங்கிவிடும், ஆப்பிள் புளிப்பு மெல்ல ஏறிக் கொஞ்ச நேரம் தங்கும். அதனால்தான் புளிப்பில்லாத ஆப்பிளில் எலுமிச்சையைப் பிழிந்து சரிக்கட்டப் பார்த்தால், பை கெட்டுப்போகாவிட்டாலும் எலுமிச்சை தனியாகவும் ஆப்பிள் தனியாகவும் நிற்கும். ஒன்று, ஒன்றரை மேசைக்கரண்டி வரை சரி. அதற்கு மேல் வேண்டியிருந்தால், வாங்கிய பழமே தப்பு.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வழுக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. புளிப்பான ஆப்பிள் குழையாது, இனிப்பானது குழையும் என்று ஒரு வாய்ப்பாடு பலர் வாயிலும் இருக்கிறது. அது உண்மையில்லை என்பதற்கு ஒரே ஒரு பழம் போதும், இங்கிலாந்தின் பிராம்லி. நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற பெண் ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. பின்னால் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக்கடைக்காரர், ஒட்டு எடுத்துக்கொள்ள வந்தவரிடம் என் பெயரை வைத்தால் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். விதை போட்டவர் பெயர் போயிற்று, வீடு வாங்கியவர் பெயர் நின்றது. அது கிடக்கட்டும். பிராம்லி புளிப்பில் கிரானி ஸ்மித்துக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. ஆனால் சூடு பட்டதும் நுரைத்தாற்போல உடைந்து பஞ்சுக்கூழாகிவிடும். ஆங்கிலேயர்களுக்குப் பையின் உள்ளே அந்தக் கூழ்தான் வேண்டும். அமெரிக்க முறைப் பையில் துண்டுகள் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் தார்த் தாத்தான் என்ற கவிழ்த்துப்போடும் பையில் பழத்தைச் சர்க்கரைப் பாகிலேயே வேகவைத்துக் கவிழ்ப்பதால் இன்னும் கெட்டியாக நிற்கும் ஆப்பிள் தேவை. ஆகவே புளிப்பு வேறு, உறுதி வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து வாங்க வேண்டும். 'பைக்கு உகந்த ஆப்பிள்' என்று நீங்கள் பார்க்கும் பட்டியல்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொள்வதற்குப் பாதிக் காரணம், எழுதியவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு பையை மனதில் வைத்து எழுதுவதுதான். நீங்கள் கூழைக் குறையாகச் சொல்வதால், துண்டாக நிற்கும் பைதான் உங்களுக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மீதிப் பாதிக் காரணம் இன்னும் சுவாரசியமானது. ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்ப்பழம் திரும்ப வராது, வேறு எதுவோ வரும். அதனால் ஒவ்வொரு ரகத்தையும் ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள். 1868 வாக்கில் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த ஒரு செடி. இன்று உலகில் இருக்கும் கிரானி ஸ்மித் மரங்கள் எல்லாம் அந்த ஒரு செடியின் கிளைகள் என்றே சொல்லலாம். அப்படியானால் பெயரைப் பார்த்து வாங்கினால் போதுமே என்று தோன்றும். போதாது. மரம் ஒன்றுதான், ஆனால் பழம் ஒன்றல்ல. வெயில், பறித்த வாரம், குளிர்கிடங்கில் கிடந்த மாதங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பெயரில் இரண்டு வேறு பழங்களை உங்கள் கையில் கொடுக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, ஒரு விருந்துக்கு இருபது பை கேட்டிருந்தார்கள். எப்போதும் வாங்கும் இடத்தில் எப்போதும் வாங்கும் கிரானி ஸ்மித்தையே இரண்டு பெட்டி வாங்கினோம். பச்சைப் பசேல் என்று, பளபளவென்று இருந்தன. வெட்டும்போதே கத்தி 'நறுக்' என்று இறங்காமல் சோப்புக்கட்டியில் இறங்குவதுபோல மொத்தையாக இறங்கியது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் பேசாமல் இருந்துவிட்டேன். பெயர் சரியாக இருக்கிறதே என்ற தைரியம். இருபது பையும் உள்ளே அமுங்கிப்போய், மூடி மட்டும் கூடாரம்போல நின்றது. புளிப்பும் பாதி இல்லை. பழைய பெட்டி என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைவிடக் கத்தி இறங்கும் சத்தத்தைத்தான் நான் நம்புகிறேன்.

பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த மூச்சுக்கு அது செலவழிப்பதில் மாலிக் அமிலமும் ஒன்று. அதனால் நாள் ஆக ஆகப் புளிப்பு இறங்கும், கூடவே பெக்டினும் தளரும். பெரிய கிடங்குகளில் குளிர்ச்சியோடு ஆக்சிஜனையும் 1 முதல் 3 சதவீதத்துக்குக் குறைத்து வைத்து இந்த மூச்சை மட்டுப்படுத்துகிறார்கள்; அப்படித்தான் மாதக்கணக்கில், சில ரகங்கள் ஏறக்குறைய அடுத்த அறுவடை வரைகூடத் தாக்குப்பிடிக்கின்றன. கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, தின்ன நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கிருந்து வெளியே வந்த பழம் வெதுவெதுப்பான இடத்தில் கிடந்தால் பல மடங்கு வேகமாகத் தளரும். வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், பழக்கூடையில் அழகுக்கு அடுக்காதீர்கள்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? பளபளப்பை நம்பாதீர்கள், மெழுகு பூசினால் எதுவும் பளபளக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மேல் கனக்க வேண்டும். காம்பைச் சுற்றித் தோல் சுருங்கியிருந்தால் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. கட்டைவிரலை மெதுவாக வைத்தால் சதை விட்டுக்கொடுக்கக்கூடாது. விரலால் சுண்டினால் கெட்டியான பழம் கணீர் என்று இல்லாவிட்டாலும் இறுக்கமாக ஒலிக்கும், மாவான பழம் 'பொத்' என்கும். இது என் பழக்கம், அளந்து பார்த்த விஷயம் இல்லை. பெரிய பழத்தைத் தேடி எடுக்க வேண்டாம். ஒரே ரகத்தில் மிகப் பெரியவை பெரும்பாலும் இறுக்கம் குறைந்தவை, சீக்கிரம் தளர்கிறவை. நடுத்தரமாக, கைக்கு அடக்கமாக இருப்பதை எடுங்கள். ஒரு பக்கம் அடிபட்டுக் கன்னிப்போயிருந்தால் பரவாயில்லை, அந்த இடத்தைச் சீவி எறிந்தால் போயிற்று. பச்சை நிறம்தான் சமையல் ஆப்பிளுக்கு அடையாளம் என்பது தவறு. பச்சை ரகங்களில் குழைவதும் உண்டு, சிவப்பு ரகங்களில் அற்புதமாக நிற்பதும் உண்டு.

வாங்கி வந்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆப்பிளுக்கும் பொருந்தும். ஒரு பழத்தைத் தோல் சீவி, பைக்கு வெட்டும் கனத்திலேயே நாலைந்து துண்டு வெட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து, 190 டிகிரி ஓவனில் 25 நிமிடம் வையுங்கள். பிரித்துப் பார்த்தால் முனைகள் கூர்மையாக நின்று, கத்தி நுனி எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அதுதான் உங்கள் ஆப்பிள். முனை மழுங்கி, அழுத்தினால் மசிந்தால் அது கூழ் ரகம். அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரையும் பாருங்கள், பையில் எவ்வளவு விடும் என்பதற்கு அதுவே அளவு. கடைசியாகத் துண்டை வாயில் போடுங்கள். வெந்த பிறகும் ஆப்பிள் வாசம் இருக்கிறதா, வெறும் இனிப்புத் தண்ணீராக இருக்கிறதா? ஓவனைச் சூடாக்க மனமில்லை என்றால் மூடிய கிண்ணத்தில் மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தும் பார்க்கலாம், ஏறக்குறைய அதே செய்தியைச் சொல்லும். நான் இங்கே எழுதுவது எல்லாவற்றையும் மறந்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் உங்கள் பை தேறிவிடும்.

இனி உங்கள் நான்கு பெயர்கள். ரெட் டெலிஷியஸைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: பைக்கு ஆகாது. புளிப்பு குறைவு, சீக்கிரம் மாவாகும், வெந்தால் வாசமும் மிஞ்சாது. போன முறை நீங்கள் வாங்கியது அனேகமாக இதுவாகத்தான் இருக்கும். கிரானி ஸ்மித் நிற்கும், புளிக்கும், எங்கும் கிடைக்கும். அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அது மட்டுமே போட்ட பை எனக்கு அலுப்புத் தட்டும். புளிப்பு இருக்கும், ஆப்பிள் மணம் மெலிந்திருக்கும். முற்றாமல் பறித்த பழமாக இருந்தால் வெந்த துண்டு தோல்போலச் சவசவத்துப் போவதையும் பார்த்திருக்கிறேன். ஃபூஜி, ரெட் டெலிஷியஸின் பிள்ளை என்றாலும் குணத்தில் அப்பனைக் கொள்ளவில்லை. ஜப்பானின் அவோமோரியில், ரால்ஸ் ஜேனட் என்ற பழைய ரகத்தோடு கலந்து உருவாக்கி, 1962இல் வெளியிட்டார்கள். இறுக்கமான சதை, நல்ல இனிப்பு, புளிப்பு குறைவு. தனியாகப் போட்டால் திகட்டும், துணைக்குப் போட்டால் பிரமாதம். காலா நடுவில் நிற்கிறது. புதிதாக இருந்தால் பரவாயில்லை, கொஞ்சம் பழசாகிவிட்டால் மென்மையாகிவிடும். காலாவில் நன்றாக வந்தது என்று சொல்பவர்களும் சொதப்பியது என்று சொல்பவர்களும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன், இருவர் கையிலும் வேறு வேறு வயதுப் பழம். அந்த ஒரு ரகத்துக்கு மேலே சொன்ன சோதனையைச் செய்யாமல் என்னிடம் பதில் கேட்காதீர்கள்.

வேறு பெயர்கள் கண்ணில் பட்டால்: பிரேபர்ன் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நியூசிலாந்தில் 1950களில் தற்செயலாகக் கிடைத்த ரகம், உறுதியும் புளிப்பும் இனிப்பும் வாசமும் ஒன்றாக அமைந்தது. ஒரே ரகத்தில் பை செய்ய வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் கை நீட்டுவது இதற்குத்தான். பிங்க் லேடி என்ற பெயரில் வருவதும் அதற்கு அடுத்த இடத்தில் வரும். ஜோனகோல்டு, கோல்டன் டெலிஷியஸையும் ஜோனதனையும் கலந்து நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1968இல் வெளியிட்டது, வாசத்தில் முதல் தரம். கோல்டன் டெலிஷியஸைப் பெயர் ஒற்றுமையால் ரெட் டெலிஷியஸோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. மஞ்சள் பழம் புதிதாக இருந்தால் வெந்த பிறகும் வடிவம் கலையாது, வெண்ணெய்போல ஒரு மணம் வரும். தோல் மெல்லியது என்பதால் சீக்கிரம் வதங்கும், அவ்வளவுதான். ஹனிகிரிஸ்ப் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ரகம். வடிவம் நிற்கும், ஆனால் சாறு ஏராளம். பச்சையாகக் கடிக்கும்போது அது தரும் சந்தோஷம் பைக்குள் வீணாகிறது என்பது என் அபிப்பிராயம், எதிர்ப்பவர்கள் நிறைய உண்டு. மெக்கின்டாஷ் வாசத்தில் கொடிகட்டிப் பறக்கும், சூட்டில் சாஸாகிவிடும். தனியாகப் போடக்கூடாது, நாலில் ஒரு பங்கு போட்டால் அது கரைந்து மற்ற துண்டுகளுக்கு நடுவே கெட்டிச் சாறாக நிற்கும்.

கலப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்துக்கு இதுவே கொண்டுவந்துவிட்டது. ஒரே ஆப்பிளில் எல்லா நல்ல குணமும் இருக்கும் என்று தேடுவதைவிட இரண்டு ரகத்தைச் சேர்ப்பது எளிது. உறுதியும் புளிப்பும் உள்ளது மூன்று பங்கு, இனிப்பும் வாசமும் உள்ளது இரண்டு பங்கு. கலக்கும்போது ஒரு சிறு தந்திரம்: இரண்டையும் ஒரே கனத்தில் வெட்டாதீர்கள். கெட்டி ரகத்தை 6 மில்லிமீட்டர் அளவிலும், மென்மையானதை 9, 10 மில்லிமீட்டர் அளவிலும் வெட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும். பல பைகளில் கூழ் என்று நாம் குறை சொல்வது, காகிதம்போல மெல்லிசாக வெட்டியதன் விளைவு. 3 மில்லிமீட்டர் துண்டாக இருந்தால் எந்த ரகமும் தாங்காது.

இப்போது உங்கள் கால் பங்கு. ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். 23 சென்டிமீட்டர் தட்டுக்கு 1.2 முதல் 1.5 கிலோ ஆப்பிள் வாங்குவீர்கள்; தோலும் நடுத்தண்டும் போனாலும் ஒரு கிலோவுக்குப் பக்கமான பழம் உள்ளே போகிறது. அதாவது, நீங்கள் மாவுக்குள் வைத்து மூடுவது ஒரு பாத்திரம் தண்ணீரை. சர்க்கரை பட்டதும் அது வெளியே வரத்தான் செய்யும். அதோடு ஆப்பிளின் கன அளவில் நாலில் ஒரு பங்கு வரை காற்று. தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். சூட்டில் காற்று வெளியேறிப் பழம் சுருங்குகிறது, அதற்குள் மேல் மாவு இறுகிவிடுகிறது. உங்கள் குகை பிறந்த கதை இது. எந்த ரகம் வாங்கினாலும் இது நடக்கும், அளவு மட்டும்தான் மாறும்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, வெட்டிய துண்டுகளை 100 முதல் 150 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்புடன் பிசிறி ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். கீழே தேங்கும் சாற்றை வடித்து, சிறு தீயில் பாகுபோலச் சுண்டவைத்துத் திரும்பப் பழத்தோடு சேருங்கள். சாறு வீணாகவில்லை, தண்ணீர் மட்டும் குறைந்தது. இன்னொன்று, துண்டுகளைச் சர்க்கரையோடு அகலமான பாத்திரத்தில் மூடி, கொதிக்கவிடாமல், 60லிருந்து 70 டிகிரிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருப்பது. அந்தச் சூட்டில் பழத்திலேயே இருக்கும் ஒரு நொதி வேலை செய்து பெக்டினை மாற்றுகிறது. மாறிய பெக்டின் கால்சியத்தோடு பிணைந்து அடுத்து வரும் பெரிய சூட்டைத் தாங்கும். முதலில் லேசாக வேகவைத்தால் கடைசியில் குறைவாகக் குழையும் என்பது கேட்க முரணாக இருக்கும், செய்து பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். துண்டை வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும், அதுதான் நிறுத்த வேண்டிய நேரம். ஏற்கனவே தளர்ந்த பழத்தை இது காப்பாற்றாது. நல்ல பழத்தை மேலும் நல்லதாக்கும், அவ்வளவே. இரண்டு வழியிலும் பூரணம் நன்றாக ஆறிய பிறகே மாவுக்குள் போக வேண்டும், சூடாகப் போட்டால் அடி மாவில் உள்ள வெண்ணெய் உருகி மறுபடியும் அதே நைந்த அடிதான்.

கார்ன்ஃப்ளார் இரண்டிலிருந்து மூன்று மேசைக்கரண்டி போதும். போட்டால் மட்டும் கெட்டியாகாது, கொதிநிலைக்குப் பக்கத்தில் போனால்தான் அது முழுசாக இறுகும். மூடியின் கீறல் வழியே குமிழி எழுந்து, அந்தக் குமிழி தண்ணீராகத் தெறிக்காமல் தேன்போல மெதுவாக உடைகிற வரை பையை ஓவனை விட்டு எடுக்காதீர்கள். 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 190 டிகிரிக்கு இறக்கி 40 நிமிடத்துக்குக் குறையாமல் என்பது என் கணக்கு. ஓவனுக்கு ஓவன் மாறும், குமிழியைப் பாருங்கள், கடிகாரத்தை அல்ல. மாவு முன்னதாகவே சிவந்துவிட்டால் மேலே அலுமினியத் தாளைப் போர்த்துங்கள்.

வெட்டிய துண்டு பழுப்பாகிறதே என்று பதறி அவற்றைத் தண்ணீரில் போட்டுவைக்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம், தண்ணீரை வெளியேற்றத்தானே இவ்வளவு பாடு! பட்டைத் தூள் பட்டதும் எல்லாம் ஒரே நிறம்தான். அந்தப் பட்டைத் தூளும் அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நல்ல ஆப்பிளைத் தேடிப்பிடித்துவிட்டு அதைப் பட்டையில் முக்கி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

வெந்த பையை எத்தனை மணி நேரம் கழித்து வெட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சுடச்சுட வெட்டியிருந்தால், மிகச் சிறந்த ஆப்பிளில் செய்த பையும் தட்டில் குளமாக ஓடியிருக்கும். கெட்டிப்பு ஆறும்போதுதான் பிடிக்கும், அதற்குக் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். சூடாகத்தான் சாப்பிட வேண்டும் என்றால், ஆறிப் பிடித்த பிறகு வெட்டிய துண்டைத் திரும்பச் சூடாக்கிக்கொள்ளலாம்.

ஆக, இந்த முறை நடுத்தர அளவில் ஐந்து கிரானி ஸ்மித், மூன்று ஃபூஜி வாங்குங்கள். சோதனைக்கு இரண்டிலும் ஒவ்வொன்று கூடுதலாக. வெட்டும்போது கத்தி மொத்தையாக இறங்கினால் அன்றைக்குப் பை செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டு அவற்றைச் சாஸாகக் காய்ச்சிவிடுங்கள். தோல் சீவ மறக்காதீர்கள், கிரானி ஸ்மித்தின் தோல் எத்தனை நேரம் வெந்தாலும் பல்லில் சிக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் சிவப்பு ஆப்பிளைப் பை ஆறுகிற நேரத்தில் கடித்துத் தின்றுகொண்டிருக்கலாம், அதற்கு அது நல்ல பழம்தான்.